டிரைவர் சைடு

என் கடைக்கு நல்ல கண்ணாடி வந்ததே இல்லை. வருவதெல்லாம் உடைந்தது. கல் அடித்தது, மாடு குறுக்கே வந்தது, கரும்பு லாரி பின்னால் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. இருபத்திரண்டு வருஷமாகத் திருவண்ணாமலையில், திண்டிவனம் ரோட்டில் வண்டிக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஒருமுறை வேன் கண்ணாடியில் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. நீளமான முடி. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து எந்த வண்டியைப் பார்த்தாலும், கண்ணாடி உடைந்த பிறகு அது எப்படி இருக்கும் என்பதுதான் என் கண்ணுக்கு முதலில் தெரியும். இது வியாதி என்பார் என் வீட்டுக்காரர். தொழில் என்பேன் நான்.

இப்படிப்பட்டவள் வயிற்றில் வந்து விமானம் ஓட்டுகிற பெண் பிறந்தாள்.

என் பெயர் பாஞ்சாலை. வீட்டுக்காரர் பெயர் சகாதேவன். இந்தப் பெயர்ப் பொருத்தத்தைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் எங்கள் ஜில்லாவிலேயே கிடையாது. மீதி நாலு பேர் எங்கே என்று கேட்பவர்களிடம், "ஒருத்தருக்கே வடிச்சுக் கொட்டி மாளல" என்பேன். அவர் டவுன் பஸ் கண்டக்டர். பஸ்ஸே கிளம்பிப் போனாலும் பதற மாட்டார். எனக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான். என் பெண் கவிநிலாவுக்கும் அதே கால்தான் வாய்த்திருக்கிறது. பைலட் லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷமாக எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பாள். நான் கொல்லைக்கும் வாசலுக்கும் நடப்பேன். நடுவில் அவர் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

அவள் பறக்கப் போகிறேன் என்றபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று வாயால் சொல்கிறவர்கள் பரவாயில்லை. நான் அவள் முதன்முதலாகத் தனியாக ஓட்டிய நாளில் போகாமல் இருந்துவிட்டேன். ஸ்கூல் பஸ் ஒன்றுக்கு அவசரமாகக் கண்ணாடி மாட்ட வேண்டும் என்று சொன்னேன். அந்தப் பஸ் மறுநாள்தான் வந்தது. அது அவளுக்கும் தெரியும்.

போன சித்திரையில் அவளே ஒரு வேலை தேடிக்கொண்டாள். கீழ்பென்னாத்தூரில் மாறன் என்று ஒருவர். பதினெட்டு வருஷம் வெளிமாநிலங்களில் விமானம் ரிப்பேர் பார்க்கிற இன்ஜினியராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலை மூட்டை அடுக்கும் குடோன் ஒன்றைப் பிடித்து, அதற்குள் ஒரு விமானத்தை நிறுத்தியிருந்தார். அறுபது வருஷத்துப் பழசு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். மேலே இறக்கை, மூக்கில் ஒரே ஒரு காற்றாடி, உடம்பு முழுக்கத் துணி. ஏதோ ஒரு பறக்கும் கிளப்பின் கொட்டகையில் புறா எச்சத்தோடு கிடந்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். புஷ்பக் என்று பெயராம். புராணத்தில் அந்தப் பெயருள்ள விமானத்தில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதுதான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

கவி தினமும் பஸ் ஏறிப் போய் அதற்குத் துணி ஒட்டினாள், உப்புத்தாள் தேய்த்தாள், பெயின்ட் அடித்தாள். தயாரானதும் ஒரு மூத்த கேப்டன் இரண்டு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார், அதற்கப்புறம் அவள்தான் ஓட்ட வேண்டும் என்று மாறன் சொல்லியிருந்தார். ஒரு குறை மட்டும் பாக்கி. லாரியில் வரும்போதே முன் கண்ணாடி நொறுங்கிவிட்டது.

"வெளிய குடுத்தா ஆறு மாசம் ஆகுமாம்மா. நீ பண்ணித் தரியா?" என்று கேட்டாள்.

நான் டிராக்டர் ஒன்றுக்கு ரப்பர் திணித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. அவள் எப்படியும் போய் உட்காரத்தான் போகிறாள். முகம் தெரியாத எவனோ செய்த கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவதற்கு, நான் செய்ததற்குப் பின்னால் உட்காரட்டும்.

"கொண்டாரச் சொல்லு" என்றேன்.

விமானத்துக்கு நம் வண்டிக்குப் போடுகிற கண்ணாடி கிடையாது. அக்ரிலிக் ஷீட்தான். அதிலும் விமானத்துக்கென்றே சான்றிதழோடு வருகிற ஜாதி. மாறன் இரண்டு ஷீட் வரவழைத்திருந்தார். ஒன்று முன் கண்ணாடிக்கு. மற்றொன்று இரண்டு கதவு ஜன்னலுக்கு. மூன்றாவது கிடையாது. பஸ் ஜன்னலுக்கும் டிராக்டர் கூண்டுக்கும் அக்ரிலிக் வளைத்து எனக்குப் பழக்கம் உண்டு. பீரோ செய்கிறவரிடம் சொல்லித் தகரத்தில் ஆள் உயர அடுப்பு ஒன்று அடித்து வைத்திருக்கிறேன். உள்ளே சூடேற்றும் கரன்ட் காயில். அதில் ஷீட்டைத் தொங்கவிட்டால் கால் மணி நேரத்தில் ஈரத் துண்டு மாதிரி தொளதொளவென்று ஆகிவிடும். இரண்டு பேர் உறை மாட்டிக்கொண்டு தூக்கி, மர அச்சின் மேல் போர்த்த வேண்டும். அச்சின் மேல் பஞ்சு போன்ற துணி ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் மரத்தின் ரேகை பதிந்துவிடும். உடனே மேலே கனமான போர்வை. அப்புறம் தொடக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளுக்குள் முறுக்கு நின்றுவிடும். இன்றைக்குத் தெரியாது. ஆறு மாசம் கழித்து ஒரு வெயில் நாளில் விரிசல் விடும்.

எங்கள் கடையில் ஆறுகிற நேரத்துக்கு மணிக்கணக்கு கிடையாது. "ஒரு கிரிவலம்" என்போம். பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றிவிட்டு வந்தால் போர்வையை எடுக்கலாம். இது நான் வைத்த கணக்கு. கடையிலேயே இருந்தால் என் கை சும்மா இருக்காது என்பதால் வைத்த கணக்கு.

அச்சுக்கு அளவெடுக்கப் பழைய கண்ணாடி இல்லை. விமானத்தின் சட்டத்தின் மேலேயே பிரௌன் பேப்பர் ஒட்டி, கோடு போட்டு, மாறன் அனுப்பினார். நடுவில் மடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிற வடிவம். மறுநாள் போன் பண்ணினார்.

"அக்கா, ஒண்ணு விட்டுப்போச்சு. வெளிக்காத்தோட சூடு காட்டறதுக்கு ஒரு சின்ன தெர்மாமீட்டர் உண்டு. கண்ணாடியில ஓட்டை போட்டுத்தான் அதச் சொருவணும். மேல் ஓரத்துலேர்ந்து நாலு இஞ்ச், பக்க ஓரத்துலேர்ந்து ஆறு இஞ்ச்."

"எந்தப் பக்கம்?"

அவர் சிரித்தார். "உங்க பாஷையிலயே சொல்றேங்க்கா. டிரைவர் சைடு."

பேப்பரில் "டி.சை." என்று எழுதி வட்டம் போட்டேன். வளைத்தேன், மலையைச் சுற்றினேன், போர்வையை எடுத்தேன். அப்படி ஒரு கண்ணாடி நான் செய்ததே இல்லை. பின்னால் ரோடு ஆடாமல் அசையாமல் தெரிந்தது. ஓரம் ராவி, திருகுக்கு ஓட்டை போட்டு, கடைசியில் அந்தத் தெர்மாமீட்டர் ஓட்டையையும் போட்டேன்.

புதன்கிழமை காலை அதைப் போர்வையில் சுற்றி, லோடு ஆட்டோவில் நானே மடியில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனேன். நாள் இடித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை ஒரு ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். அவர் சரி என்றதும் இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றி, விமானத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். ஞாயிறு பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் வரும். சனி மத்தியானத்துக்கு மேல் திருவண்ணாமலைக்குள் லாரி நுழைய முடியாது. அந்தக் கேப்டனோ திங்கள், செவ்வாய் இரண்டு நாள்தான் வருகிறார். அதை விட்டால் மழைக்காலம் முடிந்துதான். அதற்குள் கவி வேறு ஏதாவது வேலைக்குப் போயிருப்பாள். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

குடோனில் கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்தில் உட்கார வைத்தோம். அச்சாக உட்கார்ந்தது. மாறன் கை தட்டினார். கவி என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள்.

"சார்" என்றாள். "ஓட்டை."

மாறன் பார்த்தார். உள்ளே குனிந்து பார்த்தார். மறுபடியும் வெளியே வந்து பார்த்தார்.

"இன்னாக்கா இது? வலது பக்கம் போட்டிருக்கீங்க."

"நீங்கதானே டிரைவர் சைடுனு சொன்னீங்க."

"ஆமா. டிரைவர் சைடு."

"டிரைவர் சைடுன்னா வலதுதானே?"

மூலையில் பழைய மல்லாட்டைத் தோலைக் காற்று தள்ளிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் லாரி, பஸ், வேன் எதுவானாலும் டிரைவர் வலது பக்கம், கிளீனர் இடது பக்கம். பிறந்ததிலிருந்து அப்படி. விமானத்தில் பைலட் உட்காருவது இடது பக்கம்.

"வலது பக்கத்துலயே தெர்மாமீட்டர வச்சா இன்னா?" என்றேன்.

"அந்த எடத்துல உள்ள இரும்புக் குழாய் போவுதுக்கா. நுழையாது."

"ஓட்டைய அடச்சுட்டா?"

"ஒட்டுப் போட்ட முன் கண்ணாடிய ஆய்வாளர் ஒத்துக்க மாட்டார். நானும் ஒத்துக்க மாட்டேன்" என்றார் மாறன். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "தப்பு என்னோடதும்தான். பைலட் சைடுன்னு சொல்லியிருக்கணும்."

கவி அதற்குள் விமானத்தை விட்டு நாலடி தள்ளிப் போயிருந்தாள்.

"அவர் மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள். "நான் லைசென்ஸ் வாங்கி மூணு வருஷம் ஆவுது. ஃபோட்டோ அனுப்பியிருக்கேன், வீடியோ அனுப்பியிருக்கேன். நான் எந்தப் பக்கம் உக்காருவேன்னுகூட உனக்குத் தெரியாதாம்மா?"

"பழக்க தோஷத்துல..."

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கண்ணாடி தப்பாப் போட்டிருக்கியா நீ? இந்த ஒண்ணுதான் தப்புதா? இதுதானா கெடச்சுது?" ஓட்டையை நோக்கிக் கையை நீட்டினாள். "வேணும்னே பண்ணிட்டே. அன்னிக்கு ஸ்கூல் பஸ் வந்துதே, அதே பஸ்ஸுதான் இதுவும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஸ்குரூ டிரைவரை வீசினேன். சுவரில் பட்டு விழுந்தது. "பெத்தவளப் பாத்துப் பேசற பேச்சாடி இது?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். கத்தியதெல்லாம் நியாயம்தான். நான் வேண்டுமென்றே செய்யவில்லை. அண்ணாமலையார் மேல் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

ஆனால் கத்துவதற்கு முன்பே, அவள் வாயைத் திறப்பதற்கும் முன்பே, உள்ளுக்குள் வேறொன்று நடந்திருந்தது. ஓட்டை தப்பு, கண்ணாடி வீண், லாரி போகாது, கவி பறக்க மாட்டாள் என்று ஒவ்வொன்றாகப் புரிந்தபோது என் மார்பில் ஏதோ ஒன்று இளகியது. கட்டியிருந்த கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன்.

பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன். இடம் இருந்தது.

வீட்டில் சகாதேவன் முழுக் கதையையும் கேட்டார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அத உள்பக்கம் வெளிப்பக்கமாத் திருப்பிப் போட்டா ஓட்டை அந்தப் பக்கம் வந்துடாது?" என்று கேட்டார்.

"அது இன்னா தோசையா, திருப்பிப் போட? வளைவு இருக்குதில்ல?"

"இல்ல, வளைவ எடுத்துட்டுத் திருப்பினா..."

"போங்க, போய்ப் பேப்பர் படிங்க" என்று அதட்டிவிட்டுக் கொல்லைக்குப் போனேன். வாசலுக்கு வந்தேன். மறுபடியும் கொல்லைக்குப் போனேன். பாதி வழியில் நின்றுவிட்டேன்.

வளைவை எடுக்க முடியும். அக்ரிலிக்குக்கு ஞாபகசக்தி உண்டு. எவ்வளவு வளைத்தாலும் மறுபடி சூடு காட்டினால், தான் பிறந்தபோது இருந்தபடியே தட்டையாகிவிடும். கடையில் எத்தனை பஸ் ஜன்னலை அப்படி மீட்டிருக்கிறேன். ஓட்டை போகாது, ஷீட் பிழைத்துக்கொள்ளும். அதையே திருப்பி மறுபடி வளைத்தால் திருகு ஓட்டைகள் எல்லாம் இழுபட்டுக் கோணிப்போகும், முன் கண்ணாடிக்கு ஆகாது. கதவு ஜன்னல் தட்டையானது. அளவும் சின்னது. ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வெட்டிவிடலாம். அப்படியானால் ஜன்னலுக்கென்று வைத்திருக்கிற முழு ஷீட் முன் கண்ணாடிக்குக் கிடைக்கும்.

மாறனுக்குப் போன் செய்தேன். எவ்வளவு சூடு, எத்தனை நேரம், மறுபடி சூடு காட்டிய ஷீட்டில் புகைச்சல் வருமா என்று இருபது கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். "நாளைக்கு நானே வந்து நிக்கறேன். ஜன்னல் துண்ட என் கண்ணால பாத்துட்டுத்தான் ஒத்துக்குவேன்" என்றார்.

கவியிடம் நான் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் அப்பாதான் சொன்னார். "உங்கம்மா நாளைக்கு வேற பண்றா. தூக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணுமாம்." திரும்பாமலே, "அவங்க பண்ணட்டும்" என்றாள். அவங்க! நான் எப்போதிலிருந்து அவங்க ஆனேன்?

ஆனால் வியாழக்கிழமை காலை கடைக்கு வந்து நின்றாள். உறையை மாட்டிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பின் சூட்டுமானியைப் பார்த்தாள். முதலில், மாறன் எடுத்து வந்திருந்த தப்புக் கண்ணாடியை உள்ளே விட்டோம். பத்து நிமிஷத்தில் அது தன் வளைவை மறந்து மெல்ல நிமிர்ந்தது. மாறன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மூலை மூலையாகப் பார்த்தார். தலையை ஆட்டினார். அடுத்து புது ஷீட். தொளதொளத்ததும் கவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "தூக்கு" என்றேன், தூக்கினாள். "எறக்கு" என்றேன், இறக்கினாள். இழுப்பதிலும் விடுவதிலும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. பள்ளிக்கூட லீவில் எல்லாம் இதைத்தானே செய்தாள். போர்வையைப் போர்த்தினோம்.

"ஒரு கிரிவலம்" என்றேன், வழக்கப்படி.

அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளம்பினேன்.

வெயில் பதினொரு மணிக்கே சுட்டது. பௌர்ணமிக்குக் கடை போடுகிறவர்கள் இப்போதே கயிறு கட்டி இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் நடந்தேன். ஒவ்வொரு லிங்கத்துக்கு முன்னாலும் கை கூப்புவேன், வாய் திறந்தால் "என் பொண்ணுக்கு" என்று வரும், அதற்குமேல் வராது. என்ன கேட்பது? பறக்க வேண்டும் என்றா, பறக்கக் கூடாது என்றா? பாதி வழியில் இருக்கிற அடி அண்ணாமலை ஊர் வரைக்கும் முடிவு செய்ய முடியவில்லை. அங்கே ஒரு பெட்டிக்கடையில் சோடா குடித்தேன், நின்றபடியே. உள்ளங்கால் கொதித்தது. ஒரு ஆட்டோக்காரர், "ஏறுங்கம்மா, கடையாண்ட உட்டுர்றேன்" என்றார். ஏறியிருந்தால் அரை மணியில் போர்வையைத் திறந்திருப்பேன். நடந்தேன். கடைசி இரண்டு மைலில் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். பறக்கக் கூடாது என்று கேட்கும்போது அவள் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே முப்பது வயதாவது தெரிந்தது. நாற்பதாவதும் தெரிந்தது. அது உடைந்த கண்ணாடியை விட மோசமாக இருந்தது.

திரும்பி வந்து போர்வையை எடுத்தோம். முதலாவதை விட இது நன்றாக வந்திருந்தது. ஓட்டை போடுவதற்கு முன்னால், "எந்தப் பக்கம்?" என்று கவியைக் கேட்டேன். அவள் பேனாவை எடுத்துப் புள்ளி வைத்தாள். நான் துளைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே குடோனில் கதவு ஜன்னல் இரண்டையும் மாட்டியாகிவிட்டது, மத்தியானம் முன் கண்ணாடி மாட்டும் வேலை. மாறன் பின்னால் வால் பக்கம் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். பல்லி எச்சமும் தூசியும் விழாமல் இருக்க விமானத்தின் இரண்டு கதவையும் சாத்தி வைத்திருந்தோம். நான் உள்ளே, இரண்டு இருக்கைக்கும் குறுக்கே மல்லாந்து படுத்து, ஒரு கதவோரம் தலையை வைத்து, மீட்டர் பலகைக்கு அடியில் கையை நுழைத்து நட்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கவி வெளியே ஸ்டூல் மேல் நின்று திருகிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு முடுக்குகிற மாதிரி முடுக்கக் கூடாது. கடைசி வரை முடுக்கி, அரைச் சுற்று பின்னால் விட வேண்டும். வெயிலில் விரிய இடம் வேண்டும். "அரை" என்பேன். "உட்டேன்" என்பாள். இரண்டு நாளில் அவள் என்னோடு பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

தகரக் கூரை. உள்ளே அவிந்தது. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. மூச்சு முட்டியது.

"கவி, தாங்க முடியலடி! டிரைவர் சைடு கதவத் தெற!"

ஸ்டூலிலிருந்து குதிக்கும் சத்தம் கேட்டது. ஓடி வரும் சத்தம். கதவு திறந்தது. காற்று வந்தது. அப்பாடா என்று கண்ணைத் திறந்தேன்.

அவள் என் தலைமாட்டில் கதவைப் பிடித்தபடி நின்றாள். நின்றவள் அசையவில்லை. கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு என் கால் கிடந்த பக்கம், தான் உட்கார வேண்டிய இருக்கையைப் பார்த்தாள். அதன் கதவு சாத்தியே இருந்தது. அவள் திறந்தது வலது பக்கக் கதவு.

நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, நட்டு கையிலிருந்து உருண்டு எங்கேயோ போனது. "இன்னாச்சு?" என்று மாறன் வால் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்ல சார், பைலட்டு டிரைவர் சைடத் தெறந்துட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு என் வேர்வையைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள்.

"சாரிம்மா. நீ வேணும்னே பண்ணல."

அதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். என் வாய் என்றைக்கு விட்டது?

"வேணும்னே பண்ணல" என்றேன். "ஆனா அன்னிக்கு ஓட்டை தப்புனு தெரிஞ்சுதே, அப்ப எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துது, கவி. நீ போவ மாட்டேனு நெனச்சு. அந்த ஒரு நிமிஷம் நெசம். அத மறைக்க முடியல."

சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்கிப் போனது. துப்பட்டாவைக் கையில் சுருட்டினாள். நான் எழுந்து உட்காரக்கூட இல்லை, படுத்தபடியே அவள் முகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்" என்றாள் கடைசியில். "ஒன் மூஞ்சில பாத்தேன். அதான் அப்பிடிக் கத்தினேன்."

குனிந்து இருக்கைக்கு அடியில் கைவிட்டு, உருண்ட நட்டைத் தேடி எடுத்து என் கையில் வைத்தாள். மறுபடி ஸ்டூலில் ஏறினாள். மீதி பதினோரு திருகையும் போட்டோம்.

சாயங்காலம் விமானத்தைத் தள்ளிக்கொண்டு போய், மல்லாட்டை பிடுங்கிய வெறும் நிலத்தில் நிறுத்தினோம். ஆய்வாளர் வருவதற்கு முன் இன்ஜினை ஓட்டி, காற்றாடிக் காற்றில் கண்ணாடி அதிர்கிறதா, ஓரம் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பறக்கிற வேலை இல்லை. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வாலை வேப்பமரத்தில் கயிறு போட்டுக் கட்டினார் மாறன். கவி இடது பக்கம் ஏறி உட்கார்ந்து வாரைப் போட்டாள். நான் எப்போதும் போல முன்னால், தள்ளி, கண்ணாடிக்கு எதிரே போய் நின்றேன். வெயில் பட்டு, அவள் முகம் தெரியவில்லை. கண்ணாடிதான் தெரிந்தது. எனக்கு உடனே என் வியாதி வந்தது. அது எப்படி உடையும், எங்கிருந்து விரிசல் கிளம்பும் என்று கண் தேட ஆரம்பித்தது.

வலது பக்கக் கதவு திறந்தது. அவள் எட்டித் திறந்திருந்தாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கற? கிளீனர் சைடு காலியாத்தான் இருக்குது. ஏறு!"

"நானா? வேலயப் பாருடி."

"ஓரம் உடுதான்னு உள்ளேர்ந்து யார் பாக்கறது? நான் மீட்டரப் பாக்கணும். ஏறும்மா."

மாறன் என்னைப் பார்த்தார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். அவள் குறுக்கே குனிந்து எனக்கு வாரை மாட்டிவிட்டு, ஒரு இழு இழுத்து இறுக்கினாள். மாறன் காற்றாடியைக் கையால் சுற்றிவிட்டார். இருமியது, புகைந்தது, பிடித்துக்கொண்டது. மொத்த விமானமும் நடுங்கியது. என் பல் நடுங்கியது. மல்லாட்டைத் தழையும் தூசியும் எங்களுக்குப் பின்னால் பறந்தன. கவி ஒரு கம்பியை உள்ளே தள்ளத் தள்ளச் சத்தம் ஏறியது. நான் ஓரங்களைப் பார்த்தேன். நாலு மூலையும் பார்த்தேன். பதினெட்டுத் திருகையும் எண்ணினேன். எதுவும் அசையவில்லை.

அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லாததால் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் மாட்டிய ஒரு முன் கண்ணாடியை உள்ளே உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. உடையாத கண்ணாடி. நேரே தூரத்தில் மலை, ஆடாமல் அசையாமல் இருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். காலை ஆட்டவில்லை.

"அம்மா!" சத்தத்துக்கு மேல் கத்தினாள் கவி. கண் மீட்டரில் இருந்தது, வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. "இப்பச் சொல்லு. டிரைவர் சைடு எது?"

"நீ உக்காந்திருக்கற பக்கம்!" என்று கத்தினேன்.